மூணாம் பக்கம், பதினெட்டாவது வரி

கண்டக்டரே, இங்க ஒருத்தரை விட்டுட்டுப் போறீங்க பாருங்க. ஆமாங்க, இவருக்கு இன்னும் டிக்கெட் குடுக்கல. திருப்பூர் ஒண்ணு.

தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்களே கேட்டு வாங்கியிருப்பீங்க, அது தெரியுமுங்க. ஆனா ஒரு தப்பு கண்ணு முன்னால நடந்துச்சுன்னா என்னால வாயை மூடிட்டு இருக்க முடியாது. அப்படியே பழகிட்டேன். ஊரு சோலியெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னு வீட்டுல கூடத் திட்டுவாங்க.

கடலைக்காய் எடுத்துக்கங்க. வறுத்ததுதான், இன்னும் சூடு ஆறல. தோலைக் கீழ போடாதீங்க, இந்தாங்க, இந்தத் தாளை மடியில விரிச்சு அதுல போடுங்க. பழைய தாளு. போனாப் போகுது.

கல்யாணத்துக்கா? நல்லதுங்க. நான் ஒரு விசாரணைக்குப் போறேன். பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸுல, பதினொரு மணிக்கு. பயப்படாதீங்க, என்மேல ஒண்ணும் இல்ல. நான் சாட்சி. என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்கன்னு வக்கீல் சொன்னாரு. பிரதீபாங்கற புள்ள எழுதுன ப்ரோகிராமை மார்ச் மாசத்துல உங்ககிட்டக் கொண்டாந்து காட்டுச்சா, இல்லையா? அவ்வளவுதான். இல்லைன்னு சொன்னா அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சு வந்துடலாம். ஆமான்னு சொன்னா அந்தப் புள்ளையோட நானும் சேந்து நிக்கோணும். ஒரு ஆளு செத்துப் போயிட்டாருங்க, அதனாலதான் இத்தனையும்.

என் பேரு தண்டபாணி. கணபதி பக்கத்துல ஒரு சின்னக் கம்பெனி. சாயப்பட்டறை மெசினுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்யறோம். துணியை உள்ள போட்டு, மூடியை இறுக்கி, நூத்தி முப்பது டிகிரி சூட்டுல சாயம் ஏத்துவாங்க. சூடு எண்பதுக்குக் கீழ எறங்கற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது. திறக்க விடாம பூட்டி வெக்கறது எங்க பெட்டி. எறங்குனதும் பச்சை லைட்டு எரியும், பூட்டு விடும். அந்தப் பெட்டிக்குள்ள ஓடற ப்ரோகிராமை இருவத்திரண்டு வருசமா எழுதுனது நானுங்க. 'சி'ன்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பரவாயில்ல.

இந்த இருவத்திரண்டு வருசத்துல நான் எழுதுனதுல ஒரு பெட்டி கூடக் கோளாறுன்னு திரும்பி வந்ததில்லீங்க. அதையும் எழுதிக்கச் சொல்லோணும் இன்னிக்கு.

பிரதீபா கோபிக்காரப் புள்ள. போன வருசம் வேலைக்குச் சேந்துச்சு. நல்ல புள்ளைதான், கெட்டதுன்னு நான் எங்கயும் சொன்னதில்ல. ஆனா கொஞ்சம் லொள்ளு. ஜனவரி மாசம் ஒரு பட்டறைக்காரர் வந்து, எண்பதுன்னு முழுசாக் காட்டறீங்களே, எண்பது புள்ளி மூணுன்னு காட்ட முடியாதான்னு கேட்டாரு. முடியாதுங்க, இந்தப் பெட்டியில அவ்வளவுதான் வரும்னு சொன்னேன். மூலையில உக்காந்திருந்த புள்ள எந்திரிச்சு, "முடியுமுங் சார். ஒரு சூட்டுக்கு ஒரு பைட்டுதான எடம் விட்டிருக்கோம். ரெண்டு பைட்டு விட்டா புள்ளிக்கு அப்பறமும் வெச்சுக்கலாம்"னு சொல்லுச்சு. சொன்னது சரிதானுங்க. ஆனா வந்தவரு முன்னாடியா சொல்றது? தனியா வந்து சொன்னா ஆகாதா?

முதலாளி ஆறுச்சாமி என்னைப் பாத்து சிரிச்சாரு. "ஏப்பா தண்டபாணி, இத்தனை வருசத்துல உனக்கு இது தோணவே இல்லையா?"ன்னாரு. அன்னிக்கே அந்த வேலையை அது கையில குடுத்துட்டாரு. அப்பறம் ஒரு மாசம் தலையில தூக்கி வெச்சு ஆடுனாருங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. எரியலைன்னு சொன்னாப் பொய்.

சரி, விசயத்துக்கு வர்றேன். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன், கேளுங்க. இந்த பஸ்ஸையே எடுத்துக்கங்க. ஒரு சீட்டுல ரெண்டு பேர் உக்காந்திருக்கோம். கண்டக்டருகிட்ட "அடுத்த சீட்டுக்குப் போங்க"ன்னு சொன்னா என்ன பண்ணுவாரு? நம்ம ரெண்டு பேரையும் தாண்டிப் போவாரு. ரெண்டு ஆளைத் தாண்டுங்கன்னு நாம தனியாச் சொல்றோமா? சொல்றதில்ல. சீட்டுன்னா ரெண்டு ஆளுன்னு அவருக்கே தெரியும். சியில பாயிண்டர்னு ஒண்ணு இருக்குது, அது இந்தக் கண்டக்டர் மாதிரி. அதுகிட்ட ஒண்ணு கூட்டுன்னு சொன்னா ஒரு பைட்டு நகராது. ஒரு சீட்டு நகரும். அந்தச் சீட்டுக்கு எத்தனை பைட்டுன்னு அதுவே கணக்குப் போட்டுக்கும்.

அந்தப் புள்ள என்ன பண்ணுச்சுன்னா, ரெண்டு பைட்டு இருக்குதே, நாமதான் ரெண்டால பெருக்கோணும்னு நெனைச்சுப் பெருக்கிடுச்சு. பாயிண்டரும் அது பங்குக்குப் பெருக்குச்சு. அப்பறம் என்ன ஆகும்? கண்டக்டர் முதல் சீட்டுல கேப்பாரு. ரெண்டாவது சீட்டைத் தாண்டிருவாரு. மூணாவது சீட்டுல கேப்பாரு. நாலாவதைத் தாண்டி அஞ்சாவதுக்குப் போவாரு. நம்ம பஸ்ஸுல நாலு சீட்டுதான்னு வெச்சுக்கங்க. அஞ்சாவது எங்க இருக்குது? பஸ்ஸுக்கு வெளிய, நடு ரோட்டுல. அங்க நின்னு டிக்கெட் டிக்கெட்டுன்னு கேப்பாரு. அதுக்கும் அந்தப்பக்கம் போயி இன்னொருக்கா கேப்பாரு. யாருமில்ல. சரி, நாலு தடவை கேட்டாச்சு, எல்லாம் சரின்னு வந்து உக்காந்துக்குவாரு.

சிரிக்கறீங்க. சிரிப்பாத்தான் இருக்கும். சியில அதுதான் வம்பு. பஸ்ஸு முடிஞ்சுபோச்சுன்னு கண்டக்டரைப் பிடிச்சு நிறுத்த அங்க ஆளில்ல. போகச் சொன்னாப் போகும்.

மெசினுக்குள்ள நாலு சென்சார் இருக்குது. ஒண்ணும் மூணும் தண்ணியைக் குளிர வெக்கற குழாய்ப் பக்கம். ரெண்டும் நாலும் மூடிக்குப் பக்கத்துல. நாலும் எண்பதுக்குக் கீழ இருந்தாத்தான் பூட்டு விடோணும். இப்ப இந்தப் ப்ரோகிராம் மூடிப் பக்கத்து ரெண்டையும் கேக்கவே இல்ல. அதுக்குப் பதிலா ரோட்டுல போயி ரெண்டு தடவை கேட்டுச்சு. அங்க சைபர் இருந்துச்சு. சைபர்னா அதுக்குச் சில்லுனு இருக்குதுன்னு அர்த்தம்.

டெஸ்ட் பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணுச்சுங்க. ஒரு இரும்பு வாளியில தண்ணி வெச்சு, ஹீட்டரைப் போட்டு, நாலு சென்சாரையும் அதுக்குள்ளயே உட்டுச்சு. ஒரே வாளித் தண்ணி, நாலும் ஒரே சூடு. தண்ணி கொதிச்சா ஒண்ணும் மூணும் கொதிக்குதுன்னு சொல்லும், பூட்டு விடாது. ஆறுனா விடும். பாத்தா எல்லாம் சரியா ஓடற மாதிரியே இருக்கும். நான் டீ டம்ளரோட அந்த வழியாத்தான் போனேன். நாலு சென்சாருக்கு நாலு வாளி வெக்கோணும் அம்மிணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டுச்சா? கேக்கல. கேட்டாத்தான சொல்றதுங்க. டெஸ்ட் முடிஞ்சுதுன்னு முதலாளி எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிக் குடுத்தாரு. நானும் வாங்கித் தின்னேன்.

எங்க கம்பெனியில ஒரு முறை உண்டுங்க. எழுதுன ப்ரோகிராமை முழுசாத் தாளுல அடிச்சு எடுக்கோணும். எழுதுனவங்க கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து. வேற ஒருத்தர் வரி வரியாப் பாத்துட்டு ரெண்டாவது கையெழுத்து. ரெண்டும் இல்லாம பெட்டி வெளிய போகக் கூடாது. அந்த ரெண்டாவது கையெழுத்து எப்பவும் என்னுதுதான். இந்த ஃபைல்ல மட்டும் அங்க முதலாளி கையெழுத்து இருக்குது. அவருக்கு சி தெரியாது. பட்டறைக்காரர் வண்டியோட வந்து நின்னாரு, அவசரம், போட்டுக் குடுத்துட்டாரு. என் கையெழுத்து இல்ல. அதை நல்லாக் கவனிச்சுக்கங்க.

கருமத்தம்பட்டி வந்துருச்சா? நேரமிருக்குது. நீங்க தின்னுங்க.

பெட்டி மூணு மாசம் நல்லா ஓடுச்சு. ஏன்னா, பம்ப்பு ஓடற வரைக்கும் தண்ணி சுத்திட்டே இருக்கும், எல்லாப் பக்கமும் ஒரே சூடு. அந்த வாளி மாதிரியே. ஜூன் மாசம் ஒருநாள் பம்ப்பு நின்னுபோச்சு. தண்ணி சுத்தல. குழாய்ப் பக்கம் சீக்கிரமே எழுபதுக்கு எறங்கிருச்சு. மூடிப் பக்கம் நூத்திப் பதினெட்டு. பச்சை லைட்டு எரிஞ்சுது, பூட்டு விட்டுச்சு. அந்த ஆளு வேற என்னத்தைப் பாப்பாருங்க? அவருக்குப் பச்சைன்னா பச்சைதான். திறந்தாரு. அத்தனை தண்ணியும் மேல வந்துச்சு.

பேரு மருதையன். துறையூர்ப் பக்கம். முப்பத்தியெட்டு வயசு, ரெண்டு பொண்ணுங்க. சம்சாரம் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? பேப்பர்ல வந்துச்சு. அப்பறம் ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போனேன்.

என்னமோ போகோணும்னு தோணுச்சு, போனேன். உள்ள போகல, அந்த வார்டு வாசல்லயே நின்னேன். அவரு சம்சாரம் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை வெச்சுட்டு நின்னுட்டு இருந்தாங்க. "அண்ணே, நீங்க கம்பெனியில இருந்து வர்றீங்களா?"ன்னாங்க. இல்லம்மா, வேற ஒருத்தரைப் பாக்க வந்தேன்னேன். சீட்டை நீட்டி, "எழுபது பர்சென்ட்டு வெந்துபோச்சுன்னு எழுதியிருக்காங்களாமே. எழுபதுன்னா பாதிக்கு மேலயாண்ணே?"ன்னு கேட்டாங்க. பாதிக்கு மேலதாம்மான்னு சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். அந்தம்மா தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டாங்க. ஒன்பது நாள் இருந்தாரு. பத்தாவது நாள் பேப்பர்ல பாத்தேன்.

என் சம்சாரத்துகிட்டக் கூட அங்க போனதைச் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன். நீங்க யாரோ நான் யாரோ.

ஏனுங்க, தாளை எதுக்குத் திருப்பிப் பாக்கறீங்க? தோலு கொட்டுது பாருங்க. என் கையெழுத்துதாங்க அது. நோட்டுல இருந்து இன்னிக்குக் காலையில கிழிச்சேன். தேதியா? மார்ச் பதினாலுன்னு போட்டிருக்கும். எதை எழுதுனாலும் தேதி போட்டுத்தான் எழுதுவேன். அதுல ஒரு ஒழுங்கு வேணுமல்லங்க.

படிச்சுட்டீங்க. சரி.

"மூணாம் பக்கம், பதினெட்டாவது வரி. ரெண்டால பெருக்கக் கூடாது. 2, 4 சென்சார் விட்டுப் போகுது." ஆமா. நான் எழுதுனதுதான்.

கேக்கல கேக்கலைன்னு சொன்னனே, பொய்யான்னு நீங்க நெனைக்கலாம். நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு மத்தியானம் நான் தக்காளிச் சோறு தின்னுட்டு இருந்தேன். அந்தப் புள்ள தாளைக் கொண்டாந்து மேசையில வெச்சுட்டு, "சார், செத்த பாத்துக் குடுங்க சார்"னு சொல்லுச்சு. அதை எப்படிக் கேட்டதுன்னு எடுத்துக்கறது? மரியாதைக்குக் கொண்டாந்து வெக்கறது வேற, எனக்குத் தெரியலைங்க சொல்லிக் குடுங்கன்னு கேக்கறது வேற. ஜனவரியில அத்தனை பேரு முன்னாடி பேசுன வாய்க்கு இப்ப என்கிட்ட வர எடம் இருந்துச்சான்னு இருந்துச்சு எனக்கு. "உனக்குத் தெரியாததா அம்மிணி"ன்னேன். வெச்சுட்டுப் போயிருச்சு.

கை கழுவிட்டு வந்து பாத்தேன். நாலு நிமிசம் ஆகலைங்க. மூணாம் பக்கத்துல கண்ணு போயி நின்னுருச்சு. அந்த வயசுல நானும் இதே தப்பைப் பண்ணியிருக்கேன். எல்லாரும் பண்ணுவாங்க. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கறவங்க பண்ற தப்பு அது. நோட்டை எடுத்துத் தேதியைப் போட்டு எழுதிக்கிட்டேன். தாளுல ஒரு புள்ளி கூட வெக்கல. கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன். "எனக்கெங்க நேரம். முதலாளிகிட்டயே குடுத்துரு"ன்னேன். அந்தப் புள்ள செத்த நேரம் அங்கயே நின்னுச்சு. எதாச்சும் சொல்லுவேன்னு பாத்துச்சு போல. அப்பறம் போயிருச்சு.

நான் என்ன கொல்லோணும்னா நெனைச்சேன்? பத்து நாள்ல கோளாறு வரும், முதலாளி என்கிட்ட ஓடி வருவாரு, எல்லாரையும் வெச்சுக்கிட்டு அந்த வரி மேல விரலை வெச்சுக் காட்டலாம்னு இருந்தேன். நோட்டு எதுக்குங்க பின்ன? அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன்னு தேதியோட காட்டறதுக்குத்தான். பத்து நாள் ஆச்சு, வரல. ஒரு மாசம் ஆச்சு, வரல. பெட்டி பாட்டுக்கு ஓடுது. இதுக்கப்பறம் போயிச் சொன்னா, இத்தனை நாள் வாயில கொழுக்கட்டையான்னு கேக்க மாட்டாங்களா? சொல்ற நேரம் தாண்டிப் போச்சுங்க. தினமும் காலையில கம்பெனிக்குள்ள நுழையறப்ப முதலாளி மூஞ்சியைப் பாப்பேன், இன்னிக்கு வந்திருக்குமான்னு. அவரு சிரிச்சுட்டு இருப்பாரு.

இப்ப அவரு சிரிக்கறதில்ல. "தண்டபாணி, நீ பாக்கல, அவ்வளவுதான். அந்தப் புள்ள உன்கிட்டக் காட்டாம நேரா எங்கிட்டக் கொண்டாந்து, தண்டபாணி சார் பாத்துட்டாருன்னு சொல்லுச்சு. நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்"ங்கறாரு. அப்படிச் சொன்னா அவரும் தப்பிப்பாரு, நானும் தப்பிப்பேன். அந்தப் புள்ளைமேல கேஸு எழுதியாச்சு. வீட்டை விட்டு வெளிய வர்றதில்லையாம். பேசி வெச்சிருந்த கல்யாணமும் நின்னுபோச்சுன்னு சொன்னாங்க.

நேத்து மத்தியானம் எனக்குப் போன் பண்ணுச்சு. அழுவும்னு நெனைச்சேன், அழுகல. "சார், தப்பு என்னுதுதான் சார். அதை நான் ஒத்துக்கிட்டேன். ஆனா உங்ககிட்டக் காட்டாமயே காட்டிட்டேன்னு பொய் சொன்னதா எழுதியிருக்காங்க. நான் உங்க மேசைக்குக் கொண்டாந்தேன்ல சார், தக்காளிச் சோறு தின்னுட்டு இருந்தீங்கள்ல. அதை மட்டும் சொல்லுங்க சார்"னு சொல்லுச்சு.

இப்பத்தானுங்க முதல் தடவையா அந்தப் புள்ள என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்குது. நான் பாக்கறேன்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன்.

என்ன சொல்லப் போறேன்னா கேக்கறீங்க? காட்டலைன்னுதான் சொல்லப் போறேன். எனக்கும் குடும்பம் இருக்குது. ஃபைல்ல என் கையெழுத்து இல்ல. சட்டப்படி நான் பாக்கல. நோட்டை எடுத்துக் காட்டுன்னு யாரும் கேக்கப் போறதில்ல, அப்படி ஒண்ணு இருக்குதுன்னே யாருக்கும் தெரியாது. அப்படிக் கேட்டாலும் அந்தப் பக்கம் அதுல இல்ல. கிழிச்சாச்சு. கிழிச்சு அடுப்புல போடலாம்னுதான் போனேன். பால் பொங்கிட்டு இருந்துச்சு, சம்சாரம் நின்னுட்டு இருந்துச்சு, மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுல குப்பைத்தொட்டி இருந்துச்சு. அங்கயும் போட முடியல. எதுக்குன்னு எனக்கே தெரியலைங்க. அப்பறம் கடலைக்காய் வாங்குனேன். தோலு போட்டா அதுவும் குப்பையாயிரும்னு பாத்தேன்.

புது பஸ் ஸ்டாண்டு வந்துருச்சுங்க. எந்திரிங்க, கூட்டத்துல முன்னாடியே போயி நின்னுக்கலாம். கல்யாணத்துக்குக் கொண்டுபோற பொட்டலத்தை எடுத்துக்கங்க, சீட்டு மேலயே விட்டுட்டுப் போறீங்க பாருங்க.

வேண்டாமுங்க. அந்தத் தாளை என்கிட்ட நீட்டாதீங்க. தோலைக் கொட்டிட்டு நீங்களே வெச்சுக்கங்க. உங்க பேரும் எனக்குத் தெரியாது, ஊரும் தெரியாது, அதுதான் நல்லது. மடிச்சுப் பையில போட்டுக்கங்க.

யாராச்சும் வந்து உங்ககிட்டக் கேட்டாங்கன்னா குடுங்க. கேக்காம நாமளாப் போயிக் குடுக்க வேண்டாம்.